போட்டு வாறத்துக்கும் கார் வெளிக்கிடுறதுக்கும் நடுவில

கிளென் வேவர்லியில், ரோஸ்மேரி அக்கா வீட்டு முன்னால் எங்கள் கார் நிற்கிறது. பின் சீற்றில் ஒரு வாழைப்பழச் சீப்பும் ஜெசியின் கைப்பையும். பக்கத்துச் சீற்றில் ஒரு கேக் பெட்டி. நான் சீற் பெல்ற்கூடப் போட்டுவிட்டேன். நான் தயார்.

என் மனைவி ஜெசி இன்னும் வாசற்படியில் நிற்கிறாள். ஒரு கால் சப்பாத்துக்குள் போய்விட்டது. மற்றக் கால் போகவில்லை. அந்த மற்றக் காலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் வலது கைப் பெருவிரல் ஹோர்னுக்கு மேலே நிற்கிறது. தொடவில்லை. சும்மா நிற்கிறது. ஆனால் அந்த விரலை எனக்குத் தெரியும். அதற்குப் பொறுமை கிடையாது.

எங்கள் சனம் "போய் வருகிறோம்" என்று விடைபெறுவது ஒரு சொல்லில் முடிகிற காரியமல்ல. முதலாவது "சரி, அப்ப நாங்கள் போட்டு வாறம்" கதிரையில் இருந்தபடி சொல்வது. அதைக் கேட்டு யாரும் எழும்புவதில்லை. அது வெறும் அறிவித்தல். இரண்டாவது, எழும்பி நின்று சொல்வது. அப்போதுதான் வீட்டுக்காரருக்குக் குசினியில் நமக்காக எடுத்துவைத்த ஏதோ ஒன்று நினைவுக்கு வரும். மூன்றாவதைக் குசினியில் சொல்வார்கள், கையில் பொதியோடு. நாலாவதுதான் வாசற்படி. உண்மையான கதை தொடங்குவது அங்கேதான். யாருக்கு ஒப்பரேசன், யாருடைய மகள் யாரை விரும்புகிறாள், யார் யாரோடு கதைக்காமல் விட்டார்கள் என்பதெல்லாம் சோபாவில் இருந்து சொல்கிற விசயங்கள் அல்ல. ஒரு கால் சப்பாத்துக்குள் இருந்தால்தான் வாய் திறக்கும்.

ஆம்பிளையள் இரண்டாவது போட்டு வாறத்தோடு காருக்கு வந்துவிடுவோம். அதற்குப் பிறகு எங்களுக்கு ஹோர்ன்தான் துணை.

அந்த ஹோர்னுக்குத்தான் அன்று தடை. விரல் இறங்கினால், என் சட்டைப் பைக்குள் இருந்த சாமான் மறுநாள் கடைக்குத் திரும்பிப் போய்விடும். அதுதான் எனக்கும் ஜெசிக்கும் ஒப்பந்தம்.

சாமான் எதுவென்று இன்னும் சொல்லவில்லை. கையில் பிடித்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி. என் மூன்றாவது பெட்டி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். பிறகு கதை குழம்பும்.

ரெயினில் போகாத மனிதன்

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் எழுதிய பல்லுக் கதையை வாசித்த ஒருவர், "உமக்கு வயசுக்கேற்ற விசயம் ஒன்றும் எழுத வராதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். வராது ஐயா. முயற்சி செய்து பார்த்தேன்.

எல்லாம் ஒரு விளம்பரத்தில் தொடங்கியது. ஒரு மனிதன் ஓடுகிற ரெயினில் யன்னலோரம் இருக்கிறான். வெட்டிவிட்ட தாடி. கழுத்தில் சால்வை. வெளியே மழை. கையில் விளையாட்டுப் பெட்டி. அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. பெட்டியை வாங்கினேன்.

ஒரு சின்ன விசயத்தைக் கவனிக்க மறந்துவிட்டேன். நான் இருப்பது நகரத்தின் மறுகோடியில், ட்ருகனினாவில். வேலை செய்கிற வெயர்ஹவுசும் ட்ருகனினாவில். நடுவில் சில ரவுண்டபவுற். கார் எஞ்சின் சூடேறுவதற்குள் வேலைக்குப் போய்விடுவேன். என் வாழ்க்கையில் ரெயின் எங்கே வந்தது? எனக்குத் தாடியும் இல்லை. அந்தப் பெட்டியை நான் எனக்கு வாங்கவில்லை, அந்த ரெயின்காரனுக்கு வாங்கியிருக்கிறேன்.

பெட்டி நல்ல பெட்டிதான். கொம்பியூட்டரில் ஓடுகிற எல்லாம் அதில் ஓடும். பாரமும் கொம்பியூட்டர் பாரம்தான். முதல்நாள் சோபாவில் இருந்து அதைப் போட்டதும் உள்ளே ஒரு விசிறி சுற்றத் தொடங்கியது. ஜெசி மேலே இருந்து கூப்பிட்டாள்.

"என்னப்பா, கிரைண்டரை ஆர் போட்டது?"

பற்றறி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் எந்த நேரமும் வயர் குத்தியிருக்கவேண்டும். கயிற்றில் கட்டிய ஆடு மாதிரிச் சுவர் ஓரமாகவே மேய்ந்தேன். அதைவிடப் பெரிய வில்லங்கம், நான் விளையாட இருக்கிற நேரம் பார்த்து அதுவும் அப்டேற் பண்ண இருக்கும். அது முடிகிறபோது எனக்கு நித்திரை வந்திருக்கும்.

ஒருநாள் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி விளையாடினேன். கண் சொக்கியது. பெட்டி மூக்கில் விழுந்தது. அடுத்தநாள் வேலையில் எல்லோரும் மூக்கைப் பார்த்துவிட்டு, ஜெசியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், மிகவும் அன்பாக நடந்துகொண்டார்கள்.

என் மகள் ஷெரின் யூனியில் படிக்கிறாள். நான் நெஞ்சில் தலையணையை வைத்து, அதன்மேல் பெட்டியை வைத்து விளையாடுவதைக் கதவடியில் நின்று பார்த்தாள்.

"அப்பா, இஃப் இட் நீட்ஸ் எ பில்லோ, இட்ஸ் நொட் ஹாண்ட்ஹெல்ட்."

தலையணை தேவையென்றால் அது கையில் பிடிக்கிற பெட்டியே இல்லையாம். பெட்டி அவளுடைய அறைக்குப் போனது. மூக்கு என்னோடு இருந்தது.

பூசைக்குள் ஒரு பாட்டு

பெரியது சரிவராவிட்டால் சின்னது சரிவரும் என்று நினைப்பதுதான் என் மூளை. இரண்டாவது பெட்டி நெருப்புப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே ஆயிரக்கணக்கில் பழைய விளையாட்டுகள்.

கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாப் பாத்திரத்தின் மூடியையும் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு அப்பளத்தோடு வந்து இருக்கிற ஆள் நான். ஆயிரம் விளையாட்டைக் கண்டதும் அதே வருத்தம் வந்துவிட்டது. ஒன்றைத் தொடங்குவேன். அடுத்தது இதைவிட நன்றாயிருக்குமோ என்று தோன்றும். மாறுவேன். ஒரு பின்னேரம் முழுவதும் பட்டியலை மேலே தள்ளி, கீழே தள்ளி, ஒரு விளையாட்டும் விளையாடாமல் எழும்பிப் போய்ச் சாப்பிட்டேன்.

அதன் பொத்தான்கள் எள்ளுப் போல. என் பெருவிரல் வைத்தால் எல்லாப் பொத்தானும் ஒன்றாக அமரும். திரையைப் பார்க்க வாசிப்புக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைத் தேட இன்னொரு கண்ணாடி வேண்டும்.

ஆனால் சட்டைப் பைக்குள் அருமையாகப் போகும். அதுதான் வினையாகப் போனது.

தமிழ்ப் பூசை. எழுந்தேற்றம், குருவானவர் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற நேரம். கோவில் முழுக்க முழங்காலில். பீடத்தில் மணி அடித்து ஓய்ந்தது. நானும் முழங்காலில், முன் வாங்கில் சாய்ந்தபடி. என் நெஞ்சுக்கும் வாங்குக்கும் நடுவில் அகப்பட்டு பைக்குள் இருந்த பெட்டி விழித்துக்கொண்டது.

டிங். டிங். டிடிங்.

விளையாட்டுக்குள் யாரோ காசு பொறுக்கத் தொடங்கிவிட்டான். என் பின்னால் இருந்த சனம் அதை இரண்டாவது மணி என்று நினைத்து, பக்தியோடு இன்னொருமுறை தலை குனிந்தது. நான் அவர்கள் எல்லோரையும்விடத் தாழ்வாகக் குனிந்து, பையைப் பொத்திப் பிடித்தேன். மூன்றாம் மணியும் அடித்தது.

கார்ப் பார்க்கில் ஜெசி கதவைத் திறக்காமல் நின்றாள்.

"இஞ்சருங்கோ. நான் உங்களை விளையாடவேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா கடைசியா ஒண்டு. அதுவும் உதவாட்டி, கடைக்காரன் திருப்பி எடுக்கிற நாளுக்குள்ள குடுத்துப்போட்டு, இனி அந்தக் கதையே வீட்டில இல்லை."

"சரி."

"சரி எண்டா என்ன சரி? போன முறையும் சரி எண்டனீங்கள்."

"இந்தச் சரி வேற சரி."

கை சும்மா இருக்கிற நேரம்

எங்கள் வெயர்ஹவுஸ் ஒஃபிசில் கொம்பியூட்டர் வேலையைப் பார்ப்பவர் கார்த்திக். கோயமுத்தூர்க்காரர். என்னைவிட இளையவர் என்பதால் எனக்கு அண்ணா பட்டம் கொடுத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு இருந்தபோது அவரிடம் யோசனை கேட்டேன். எந்தப் பெட்டி வேகமானது, எதற்குத் திரை பெரிது என்று ஒரு பட்டியல் வருமென்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"அண்ணா, நீங்க எப்ப விளையாடுவீங்க?"

"நேரம் கிடைக்கிற நேரம்."

"எப்ப கிடைக்குது?"

நான் யோசித்தேன். வீட்டுக்கு வந்தால் நித்திரை. நித்திரை இல்லாவிட்டால் செய்தி. செய்தி முடிந்தால் மறுபடி நித்திரை.

"பாத்ரூம்ல?"

"கதவுக்கு வெளியில மகள் நிப்பாள்."

"சரிண்ணா, இப்படி செய்யுங்க. ஒரு வாரம் எதுவும் வாங்காதீங்க. உங்க கை ரெண்டும் சும்மா இருக்கு, கண்ணு முழிச்சிருக்கு, யாரும் உங்கள கூப்பிடல, அப்படி ஒரு நேரம் எப்ப வருதுன்னு மட்டும் பாருங்க. அந்த நேரத்துக்கு வாங்குங்க. உங்களுக்கு வாங்காதீங்க."

பார்த்தேன். திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. வெள்ளி வரைக்கும் வரவில்லை. சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் இருந்து இரண்டாவது போட்டு வாறத்தோடு வெளியே வந்து, காருக்குள் ஏறி, பெல்ற் போட்டு, வாசலைப் பார்த்தேன். கை இரண்டும் சும்மா இருந்தன. கண் விழித்திருந்தது. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிடப்போவதும் இல்லை.

அடித்த ஹோர்னில் அந்த வீட்டு நாய் கதிரைக்குக் கீழே போய்விட்டது.

அன்று திரும்புகிற வழியில் ஜெசி அழுதுவிட்டாள். அதை இங்கே பகிடியாக எழுத எனக்கு வரவில்லை. அவள் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். கிழமை முழுவதும் காது கேளாதவர்களோடு உரத்த குரலில் இங்கிலீஷ் கதைத்துவிட்டு வருகிறவள். "எனக்கெண்டு ஒருத்தரோட தமிழில மெதுவாக் கதைக்கிறது அந்த வாசல்படியில மட்டும்தான். அதுக்கும் நீங்கள் ஹோர்ன் அடிக்கிறீங்கள்," என்றாள்.

திங்கட்கிழமை கார்த்திக்கிடம் போனேன்.

"கண்டுபிடிச்சிட்டன். கார். மனிசி கதைச்சு முடிக்கும் வரைக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நல்ல வைத்தியர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். எவ்வளவு நேரம்? தெரியாது, ஐந்து நிமிடமும் ஆகலாம், நோன்பு முடிந்து பெருநாளும் வரலாம். எப்போது நிற்பாட்டவேண்டி வரும்? எந்த வினாடியும், மற்றக் கால் சப்பாத்துக்குள் போன உடனே. வெளிச்சம்? முதலில் முகத்தில் மேற்கு வெயில், பிறகு இருட்டு. சத்தம்? கூடவே கூடாது. பூசைக்குப் போவீர்களா? போவேன்.

"அப்ப மூடி போட்டதுதாண்ணா. மடிக்கிற மாதிரி. மூடினா தூங்கிடும். தொறந்தா விட்ட எடத்துல இருந்து ஓடும். மடிச்சு பைல வச்சா பட்டனும் அமுங்காது. கேம் ஒண்ணே ஒண்ணு போடுங்க. ரெண்டாவது போட்டீங்கன்னா மறுபடி அப்பளம்தான்."

அப்பளக் கதையை அவரிடம் சொன்னது என் பிழை.

கடையில் இருந்த பெண் பிள்ளை மகனுக்கா என்று கேட்டாள். எனக்கு மகன் இல்லை. ஓம் என்றேன். எத்தனை வயது என்றாள். ஐம்பத்துமூன்று என்று வாயில் வந்துவிட்டது. அவள் பையில் போட்டுத் தந்தாள்.

பார்க்கக் கறுப்பு மூக்குக்கண்ணாடிக் கூடு மாதிரி இருந்தது. ஜெசி அதைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"அப்ப இது ஹோர்னுக்கு மருந்தோ?"

"ஓம்."

"சனிக்கிழமை ரோஸ்மேரி அக்கா வீட்டை போறம். ஹோர்ன் சத்தம் கேட்டா, ஞாயிற்றுக்கிழமை கடை."

வாசலும் யன்னலும்

இனி அந்த விரலுக்கு வருவோம். ஹோர்னுக்கு மேலே நின்ற விரல்.

அதைக் கஷ்டப்பட்டுத் திருப்பி எடுத்து, பைக்குள் விட்டு, கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன்.

நான் போட்டிருந்த ஒரே விளையாட்டில் ஒரு குள்ளன். கையில் விளக்கு. பழைய மாளிகை ஒன்றில் அறை அறையாகப் போகவேண்டும், மாடி மாடியாக ஏறவேண்டும். நான் மூன்றாம் மாடியில் ஒரு கதவுக்கு முன்னால் பல நாளாக நின்றேன். தள்ளிப் பார்த்தேன். ஓடிவந்து இடித்துப் பார்த்தேன். விளக்கால் தட்டிப் பார்த்தேன். அந்தக் கதவு என் வங்கி மனேஜர் மாதிரி அசையாமல் இருந்தது.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. ஒருமுறை நிமிர்ந்தபோது வாசற்படியில் ஒருவரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. முன்னறையில் வெளிச்சம், யன்னல் திரைச்சீலையில் ஒரு அசைவு. ஜெசி எதையோ மறந்து எடுக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். நல்லது. மறுபடி கதவை இடித்தேன்.

உள்ளே நடந்ததை ஜெசி பிறகு சொன்னாள்.

மற்றக் காலைச் சப்பாத்துக்குள் விடப்போன நேரம் ரோஸ்மேரி அக்கா அவள் கையைப் பிடித்திருக்கிறா.

"பிள்ளை, அங்க பாரும். உம்மட மனுசன்."

ஜெசி திரும்பிப் பார்த்தாள். பொழுதுபட்ட நேரம். காருக்குள் நான். தலை குனிந்திருக்கிறது. கை இரண்டும் மடியில் சேர்ந்திருக்கின்றன. பெருவிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. உதடும் அசைகிறது. (நான் கதவைப் பார்த்து "திற மாதாவே, திற" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.) வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்த திரையிலிருந்து ஒரு மெல்லிய ஒளி என் முகத்தில் விழுகிறது.

"செபமாலை சொல்லுறார்," என்றா ரோஸ்மேரி அக்கா. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டா. "முகத்தில ஒளியைப் பாரும் பிள்ளை."

ஜெசி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாளாம். ஆனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து ரோஸ்மேரி அக்கா என்னைப் பற்றிச் சொல்லிவந்தது "உம்மட மனுசனுக்குப் பொறுமை காணாது" என்ற ஒன்றுதான். இப்போதுதான் முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தை வருகிறது. ஜெசி வாயை மூடிக்கொண்டாள்.

"உள்ள வாரும். அவரைக் குழப்பக்கூடாது. செபம் முடியட்டும்."

ஒரு காலில் சப்பாத்தும் ஒரு கால் வெறுமையுமாக என் மனைவி உள்ளே இழுத்துப் போகப்பட்டாள். இரண்டாவது ரீ வந்தது. ரீயோடு ரோஸ்மேரி அக்காவின் பித்தப்பை ஒப்பரேசன் கதை தொடக்கத்தில் இருந்து வந்தது. எடுத்த கல்லுகளின் படம் ஃபோனில் இருந்தது. ஒவ்வொரு கல்லாக வந்தது.

ஜெசியின் ஃபோன் அவளுடைய கைப்பையில். கைப்பை என் பின் சீற்றில்.

அவர்கள் நான் முடிப்பேன் என்று உள்ளே காத்திருந்தார்கள். நான் அவர்கள் முடிப்பார்கள் என்று வெளியே காத்திருந்தேன். இப்படியே விட்டிருந்தால் இன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்போம். இந்தப் பத்தியை அந்தக் காருக்குள் இருந்துதான் எழுதியிருப்பேன்.

எத்தினையாவது இரகசியம்

ரோஸ்மேரி அக்காவின் கணவர் செல்வம் அண்ணை. நான் அறிந்த இத்தனை வருடத்தில் என்னோடு கதைத்தது இரண்டு சொல். வரும்போது "இருங்கோ". கொஞ்சம் கழித்து "ரீ?" அதற்குமேல் ரிவி பார்ப்பார். ரிவி போடாவிட்டாலும் அந்தத் திசையைத்தான் பார்ப்பார்.

அன்று அவரை ரோஸ்மேரி அக்கா பிடித்து எழுப்பினா.

"நீங்களும் போய் அந்தத் தம்பியோட இருந்து சொல்லுங்கோ. அந்தாளைப் பாத்தெண்டாலும் திருந்துங்கோ."

காரின் மற்றக் கதவு திறந்தது. செல்வம் அண்ணை கேக் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஏறி இருந்தார். விரலில் ஒரு செபமாலை, திறப்புக்கோர்வை மாதிரித் தொங்கியது.

"எத்தினையாவது இரகசியம்?" என்றார்.

இது அவருடைய மூன்றாவது சொல், நாலாவது சொல். செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிக்கும் ஓர் இரகசியம் உண்டு என்பது அந்த நேரம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. விளையாட்டைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"மூண்டாவது மாடி அண்ணை."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் மடியைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். செபமாலையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் விட்டார்.

"அந்தக் கதவு திறக்காதோ?"

"திறக்குதில்லை அண்ணை."

"திறப்பு?"

"எல்லா அறையும் தேடிப்போட்டன்."

"விளக்கை நூத்துப் பாத்தனீரோ?"

"விளக்கு நூந்தா ஆள் செத்துப்போவான்."

"இஞ்ச கொண்டாரும். ஒருக்காச் செத்துப் பாப்பம்."

கொடுத்தேன். விளக்கை அணைத்தார். இருட்டுக்குள் ஏதோ வந்து குள்ளனைப் பிடித்து, சப்பி, துப்பியது. தொப்பி மட்டும் தரையில் கிடந்தது.

செல்வம் அண்ணை சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கேட்டதில்லை. கார் ஆடியது. கேக் பெட்டி ஆடியது.

"ஐசே! என்ன ஐசே இது! தொப்பியைத் துப்பிப்போட்டுது ஐசே! இன்னொருக்காச் சாவம்!"

பல தடவை செத்தோம். ஒவ்வொரு தடவையும் தொப்பிக்குச் சிரித்தோம். கண்ணீரைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"ரோஸ்மேரி என்னைச் செபமாலை சொல்ல அனுப்பினவ."

"ஆரோட?"

"உம்மோட."

"நான் எங்க செபமாலை சொன்னனான்?"

இருவரும் ஒரே நேரத்தில் யன்னலைப் பார்த்தோம். திரைச்சீலை விலகியிருந்தது. ரோஸ்மேரி அக்கா நின்றா. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பது வடிவாகத் தெரிந்தது.

"தலையைக் குனியும்," என்றார் செல்வம் அண்ணை, வாய் அசையாமல்.

குனிந்தோம். குனிந்தபிறகு சும்மா இருப்பானேன்? விளையாடினோம்.

அப்போதுதான் என் பக்கத்துத் திறந்த யன்னலுக்குள்ளால் ஒரு கை வந்தது. என்னைத் தாண்டி, ஸ்டியறிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து அமர்த்தியது. எடுக்கவில்லை. கிளென் வேவர்லி முழுக்கக் கேட்டிருக்கும்.

ஜெசி. ஒரு காலில் சப்பாத்து. மற்றச் சப்பாத்து கையில்.

ஒரு மாடிக்கு ஒரு ஹோர்ன்

வீடு திரும்புகிற வழியில், வெஸ்ற் கேற் பாலம் வரைக்கும் ஜெசி மற்றச் சப்பாத்தை மடியில் வைத்தபடியே வந்தாள். பாலத்தின் உச்சியில், தூரத்தில் துறைமுக வெளிச்சம் தெரிகிற இடத்தில், ஜெசி வாயைத் திறந்தாள்.

"ஏன் ஹோர்ன் அடிக்கேல்ல?"

என் காதில் விழுந்தது சரியா என்று ஒருமுறை யோசித்தேன்.

"நீர்தானே அடிக்கவேண்டாம் எண்டு சொன்னீர்."

"நான் அடிக்கவேண்டாம் எண்டுதான் சொல்லுவன். நீங்கள் அடிப்பீங்கள். நான் 'பாத்தீங்களே அக்கா, இந்த மனிசனோட என்னெண்டு சீவிக்கிறது' எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுவன். இதுதானே வழமை. நீங்கள் அடிக்காட்டி நான் என்னத்தைச் சொல்லி வெளிக்கிடுறது?"

"அப்ப அண்டைக்கு அழுதது?"

"அது உண்மை. நான் கதையைத் தொடங்கின உடன அடிக்கிறீங்கள். என்ர கதை முடிஞ்சு அவவின்ர கதை தொடங்கேக்கதான் அடிக்கவேணும்."

"அதைக் காருக்குள்ள இருந்து நான் என்னெண்டு அறியிறது?"

ஜெசி சப்பாத்தைக் காலில் மாட்டினாள். "கல்லுப் படம் பாத்தனான்," என்றாள். "ஒண்டு கச்சான் கொட்டை மாதிரி. ஒண்டு கடலை மாதிரி. ரீயோட."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவளுக்கும் வந்தது. அவள் அடக்கவில்லை. பாலம் இறங்கும் வரைக்கும் சிரித்தோம்.

வீட்டு வாசலில் தீர்ப்பு வந்தது.

"கடைக்குக் கொண்டுபோகவேண்டாம். ஒரு மாடி ஏறினா ஒரு ஹோர்ன். அதுக்குள்ள நான் என்ர கதையை முடிச்சிடுவன். ஆனா அக்காவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. இப்பதான் உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னவ. கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்."

அந்த நல்ல வார்த்தை இருந்தது மட்டுமல்ல, வளர்ந்தது. கோவிலில் இரண்டு அன்ரிமார் என்னைக் கண்டு தலையசைத்தார்கள். ஒருவர் தன் முழங்கால் நோவுக்கு என்னை வேண்டிக்கொள்ளச் சொன்னார். வேண்டிக்கொண்டேன். அவருக்குச் சுகமாகிவிட்டதாம். அதை நான் எங்கே போய்ச் சொல்வது?

அடுத்தமுறை ரோஸ்மேரி அக்கா வீட்டுக்குப் போனபோது, செல்வம் அண்ணை முதலாவது போட்டு வாறத்துக்கே எழும்பிவிட்டார். யாரும் எழும்பாத முதலாவதுக்கு! என் சப்பாத்தையும் எடுத்துத் தந்தார். காருக்குள் வந்ததும் தன் பையில் இருந்து ஒரு கறுப்புக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அதே கடை. அதே விளையாட்டு. அவரும் மூன்றாம் மாடியில்தான்.

முன் சீற்றில் ஸ்டியறிங் முழங்கையில் இடிக்கிறது என்பதால் இருவரும் பின் சீற்றுக்கு மாறினோம். அங்கே இடமும் உண்டு, தலையைக் குனிந்தால் பக்தியும் கூடத் தெரியும். இருவரும் ஆளுக்கொரு கதவைத் தள்ளினோம். இருவர் கதவும் திறக்கவில்லை. மாடி ஏறினால்தானே ஹோர்ன்? மாடியும் இல்லை, ஹோர்னும் இல்லை.

கடைசியில் ஜெசி தானாகவே வந்தாள். இரண்டு காலிலும் சப்பாத்து. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்னால் ஏறி ஸ்டியறிங்கைப் பிடித்தாள். பின்னாலேயே ரோஸ்மேரி அக்கா, கையில் ஒரு பொதியோடு.

நான் கூட்டை மூடினேன். செல்வம் அண்ணை மின்னலாகச் செபமாலையை எடுத்து விரலில் தொங்கவிட்டார். அதற்கு அவர் வீட்டில் பழகியிருக்கவேண்டும்.

ரோஸ்மேரி அக்கா என் யன்னலடியில் குனிந்து பொதியை மடியில் வைத்தா. சுடச்சுட மீன் பற்றிஸ். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னா.

"அந்த மூண்டாம் மாடிக் கதவைத் தள்ளாதேங்கோ தம்பி. இழுக்கவேணும். இவர் நித்திரை கொள்ளேக்க நான் எனக்கெண்டு வேற ஆட்டம் தொடங்கி அஞ்சாம் மாடிக்குப் போயிட்டன்."

நிமிர்ந்தா. சீலையைச் சரிசெய்தா. ஜெசி பக்கம் திரும்பி, வழமையான பெரிய குரலில் தொடங்கினா.

"பிள்ளை, உமக்குச் சொல்ல மறந்துபோனன். இப்ப கிட்னியிலயும் ஒரு கல்லு..."

ஜெசி ஹோர்னை அடித்தாள்.